துணியில் ஒட்டி வந்த மாவு

1

போன வாரம் செவிலிமேட்டிலிருந்து கீதா அக்கா பேசினாள். என் மகள் யாழினிக்கு மூச்சிரைப்பு நின்றுபோனது பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். பெருமாள் கோயிலில் அக்கா வேண்டிக்கொண்டது பலித்தது என்று சிலர். ஜப்பானில் ஏதோ புது ஊசி போட்டார்கள் என்று சிலர். பால்காரர் வீட்டில் மட்டும் வேறு மாதிரி: மேகலா வேலை செய்த கம்பெனியில் விஷவாயு கசிந்தது, வெளியே தெரியாமல் அமுக்கிவிட்டார்கள், அதனால்தான் அவள் வேலையை விட்டாள் என்று.

முதல் இரண்டையும் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். மூன்றாவது மனதில் தங்கிவிட்டது. நான் வேலை பார்த்தது நூடுல்ஸ் செய்கிற சின்னப் பட்டறை. அங்கே எந்த வாயுவும் கசியவில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒரு விஷயத்தை மறைத்தது உண்மைதான். மறைத்தது கம்பெனி இல்லை, பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் படித்தால் போதும்.

2

என் கணவர் சரவணனுக்கு சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது யாழினி எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடையை விட்டு, அக்காவை விட்டு, டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இரண்டாவது மாடி வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே வந்ததும் நான் முதலில் இழந்தது என் பெயரை. நம் ஊரில் இனிஷியல் போட்டால் முடிந்தது. இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் இருக்க, வார்டு அலுவலகத்தில் அதையே என் பெயராக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து "முனுசாமி-சான்" என்று கூப்பிடுவார்கள். காலமான என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவேன். கணவருக்கு அவர் அப்பா பெயர், மகளுக்குக் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் எப்படி என்று விளக்குவதற்கே ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலைப்பொழுது போகும்.

யாழினிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 'ழ'வும் 'ல'வும் வராத பிள்ளைகள் அவளை "யாரினி" என்றார்கள். அவளும் யாரினி ஆகிவிட்டாள். ஒரு வருடத்துக்குள் இந்த மொழியில் சண்டை போட்டாள், பாடினாள், தூக்கத்தில் உளறினாள். கணவருக்கு ஆபீஸில் இங்கிலீஷ் போதும். வீட்டில் ஊமை ஆனது நான்தான்.

சில வருடங்கள் அப்படியே போயின. குளிர்காலத்தில் திரைச்சீலையைக்கூடத் திறக்காமல் படுத்திருப்பேன். பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது நான் காலையில் படுத்த இடத்திலேயே இருப்பேன். அவர் வந்ததும், "ஊருக்கே போயிடலாம்பா" என்பேன். அவரும் இந்த வருடம் முடியட்டும் என்பார். அடுத்த வருடமும் அதையே சொல்வார். இதையெல்லாம் பக்கத்து அறையில் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

3

வார்டு அலுவலகத்தில் இலவசமாக நடந்த மொழி வகுப்பில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பழக்கமானாள். அவள்தான் நூடுல்ஸ் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்றாள். கணவரின் விசாவில் வந்தவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும்; அதிலும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு உண்டு. குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்று அனுமதி வாங்கி, ஒரு வசந்த காலத்தில் வேலைக்குப் போனேன்.

பட்டறையை நடத்துபவர் ஒகாதா-சான் என்ற அம்மாள். அறுபது வயதிருக்கும், குள்ளமாக, வேகமாக நடப்பார். முதல் நாள் என் அட்டையைப் பார்த்து "முனுசாமி-சான்" என்றவர், நான் திரும்பிய விதத்தைக் கவனித்திருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பெயர் எது என்று கேட்டார். மேகலா என்றேன். அன்றிலிருந்து "மெகரா-சான்". இந்த நாட்டில் என்னை என் பெயரால் கூப்பிட்ட முதல் ஆள் அவர்.

கதவைத் திறந்து உள்ளே போனதும் மாவு வாசனை அடித்தது. என் அப்பா செவிலிமேட்டில் மாவு மில் வைத்திருந்தவர். கேழ்வரகு, கோதுமை, மிளகாய்த்தூள் என்று எல்லாம் அரைத்த அந்த இடத்தில்தான் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மாவு பறக்கிற இடம் எனக்குப் பழகிய இடம். பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் முழுசாக மூச்சு விட்டது போல இருந்தது.

நம் ஊரில் நூடுல்ஸ் என்றால் பாக்கெட்டில் காய்ந்து கிடப்பது. இது வேறு. அன்றன்று செய்து, ஈரம் போவதற்குள் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பச்சை நூடுல்ஸ். ராமென் என்கிற வகைக்குக் கோதுமை மாவில் உப்புத் தண்ணீரோடு ஒரு காரத் தண்ணீரும் சேர்ப்பார்கள். முகர்ந்து பார்த்தேன், நம் அப்பளக்காரமேதான். அது சேர்ந்தால்தான் மாவு மஞ்சள் ஓடி, கடித்தால் துள்ளும். தண்ணீர் மிகக் குறைவு. சப்பாத்தி மாவு போல உருண்டு வராது. புட்டுக்குப் பிசிறிய மாவு போல உதிரியாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் குறைப்பார்கள், காற்றிலேயே ஈரம் இருக்கிறதே. அந்த உதிரியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால் சொரசொரப்பான கனத்த பட்டையாக வரும். இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடியும் அழுத்துவார்கள். தறிக்குப் பாவு நூல் சுற்றுவது போல ஒரு தடியில் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, தூங்க வைப்பார்கள். ஆமாம், "தூங்க வைக்கிறோம்" என்றுதான் அவர்களும் சொல்வார்கள். அழுத்தி இறுகிப்போன மாவு தளர்வதற்கு நேரம் வேண்டும். தளராமல் வெட்டினால் வேகும்போது அறுந்துபோகும்.

தூங்கி எழுந்த பட்டையை மெல்லிசாக்கி, பல் வைத்த உருளையில் விட்டால் அந்தப் பக்கம் நூல் நூலாகக் கொட்டும். ஒட்டாமலிருக்க மேலே ஸ்டார்ச் தூவி, ஒரு ஆள் சாப்பிடும் அளவு எடுத்து, மடித்துத் தட்டையான பெட்டியில் அடுக்க வேண்டும். சில கடைகளுக்குச் சுருள் சுருளாக வேண்டும். அதை மெஷின் செய்யாது. இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்து, அமுக்கி, உதறி, மறுபடி அமுக்க வேண்டும். அதிகம் அமுக்கினால் கட்டிக்கொள்ளும். பயந்து அமுக்கினால் கொதிதண்ணீரில் போட்டதும் நேராகிவிடும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கை பழகியது. ஆற்றங்கரைக் கடைக்காரர் ஒருவர், சுருள் இப்போது நன்றாக இருக்கிறது, யார் செய்வது என்று கேட்டாராம். ஒகாதா-சான் அதை எனக்காக மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களில் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

கடைசியாகத்தான் சோபா. உட்காருகிற சோபா இல்லை. பக்வீட் என்கிற தானியத்து மாவில் செய்கிற பழுப்பு நூடுல்ஸின் பெயர் அது. அதன் மாவு லேசானது, கிளம்பினால் அடங்காது. சிலருக்கு அதைச் சாப்பிட்டால் ஆகவே ஆகாது, உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, மற்றதில் கலந்துவிடாமலிருக்க அன்றைய கோதுமை வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அதை ஓட்டுவார்கள். பெட்டிகளின் மேல் இந்த இடத்தில் சோபாவும் செய்கிறோம் என்று அச்சடித்திருக்கும். சோபா முடிந்ததும் என் வேலை நேரம் முடியும். முடியிலும் கழுத்திலும் அந்தத் தூள் இருக்க, வேலை அங்கியைத் துவைக்கப் பையில் போட்டுக்கொண்டு, நேராக வீட்டுக்கு வருவேன். யாழினி பள்ளியிலிருந்து வரும் நேரமும் அதுதான். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன்.

4

இலையுதிர் காலத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியது. மதியத்துக்கு மேல் வரும், காலையில் இருக்காது. அந்தத் தெருவில் பல பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஞ்சிய சோபா நூடுல்ஸை ஒருநாள் வீட்டில் சமைத்தேன். ஒரு வாய் வைத்தவள், நாக்கு அரிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து எதைக் கொண்டு வந்தாலும் தொடமாட்டாள். என் கையால் செய்ததை என் பிள்ளை தொடவில்லையே என்றுதான் வருத்தப்பட்டேன்.

வருடக் கடைசி நாளில் சோபா சாப்பிடுவது இங்கே வழக்கம். அதனால் டிசம்பர் பிற்பாதியில் பட்டறையில் சோபாதான் மலைபோல ஓடும். அந்தச் சமயத்தில் ஒரு மதியம், நான் வீட்டுக்கு வந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் அவள் என் கையைப் பிடித்தாள். உதடு நீலமாகிவிட்டது. நான் போன் செய்து, வீட்டு விலாசத்தைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராமல் திணறினேன். மூச்சு வாங்கிக்கொண்டே அவளே போனை வாங்கி விலாசம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆவி பிடிக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று கணவருக்கு லீவு இல்லை. நானும் யாழினியும்தான் போனோம்.

டாக்டர் இளவயசுக்காரர். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். அவர் பேச்சில் "சோபா" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த மொழியில் பக்கத்தில், அருகில் என்பதற்கும் சோபா என்பார்கள். மொழி வகுப்பில் டீச்சர் கோப்பையின் பக்கத்தில் ரப்பரை வைத்து அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். யாழினியிடம், நூடுல்ஸையா சொல்கிறார் என்று கேட்டேன்.

"இல்லம்மா, பக்கத்துலன்னு சொல்றாங்க. வீட்டுத் தூசி ஒத்துக்கல. அம்மா பக்கத்துலயே இருந்து பாத்துக்கணுமாம்."

டாக்டர் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டி, இல்லை என்றாள். அவர் நிம்மதியானது போலத் தெரிந்தது. நான் எழுந்து, குனிந்து வணங்கி, நன்றி சொன்னேன்.

பக்கத்திலேயே இருந்தேன். முன்பைவிட ஒட்டிக்கொண்டு இருந்தேன். அவளோ விலகிப் போனாள். நான் வந்ததும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வதாகச் சொல்லி, என் அங்கி போட்ட மெஷினிலிருந்து பிரித்து எடுத்துவிட்டாள். தலை பின்னவும் விடவில்லை. கணவர், வயசு அப்படி, இந்த ஊர்ப் பிள்ளைகள் சீக்கிரம் ஒதுங்கிவிடும் என்றார். ஆறாத கோபத்தோடு அதை ஒப்புக்கொண்டேன். மொழி போனது, சாப்பாடு போனது, இப்போது பிள்ளையும் போகிறாள் என்று அக்காவிடம் போனில் அழுதேன். இருமல் மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டேதான் இருந்தது.

5

இந்த நாட்டுக் கோடை விடுமுறைக்கு நானும் யாழினியும் மட்டும் ஊருக்குப் போனோம். ஆடி மாதம். செவிலிமேட்டில் அக்கா வீட்டு மாடியில் வெயில் கொளுத்தியது. பஸ் புழுதி, கொசுவத்திப் புகை, தெருக்கோடியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சிமெண்ட் தூள், எல்லாம் இருந்தும் யாழினி ஒரு தடவைகூட இருமவில்லை. ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்தாள். காலை மேலே போட்டுக்கொண்டு தூங்கினாள். பெருமாள் கோயிலில் மிளகும் சுக்கும் போட்ட இட்லிப் பிரசாதத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தின்றாள். எனக்கு என் பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டாள்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே முடிவுதான் தோன்றியது. அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"இங்கியே வுட்டுட்டுப் போ மேகலா. வந்த நாளா புள்ள ஒரு தும்மல்கூடப் போடல. அந்த ஊரு காத்து ஒத்துக்கலன்னா நாம இன்னா பண்றது? நான் பாத்துக்க மாட்டனா?"

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவள் அதை ஆசையோடு கேட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். கணவரிடம் போனில் பேசினேன். மூச்சைவிடப் பள்ளிக்கூடம் பெரிதில்லை என்றார். ஏனாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் இடம் இருந்தது. தமிழ் எழுத வராத பிள்ளையை ஐந்தாவதில் சேர்ப்பதா நாலாவதிலா என்று பேச்சு நடந்தது. யாழினியிடம், சும்மா பள்ளியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

போக வேண்டிய காலையில் அக்கா அவளுக்குப் பூ வைத்துவிட்டாள். ஆட்டோ வாசலில் நின்றது. யாழினி கூடத்தில் ஊஞ்சல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வா என்றேன். வரவில்லை.

"ஊரு இல்லம்மா," என்றாள். "நீதான்."

"இன்னாடி பேசற அம்மாவ?" என்றாள் அக்கா.

யாழினி அக்காவைப் பார்க்கவில்லை. தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் ஜப்பானிய மொழிக்குத் தாவி, மறுபடி தமிழுக்கு வந்து, தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். டாக்டர் சொன்னது பக்கத்தில் என்று இல்லை, சோபா மாவைத்தான் சொன்னார். அது உள்ளே போனால் தனக்கு மூச்சு நின்றுவிடும். வீட்டில் யாராவது சோபா வேலை செய்கிறார்களா என்று அவர் கேட்டதற்கு இல்லை என்று சொன்னது தான்தான். அம்மா பட்டறையிலிருந்து வரும்போது துணியில் அது இருக்கும், அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

நான் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. அவள் பதில் மட்டும் நினைவிருக்கிறது.

"வேலைக்குப் போன பிறகுதான் நீ ஊருக்குப் போலாம்னு சொல்றத நிறுத்தின. வேலை போச்சுன்னா மறுபடியும் படுத்துக்குவ. நாம இங்க வந்துடுவோம்."

இங்க என்று அவள் சொன்னது அந்தக் கூடத்தை. அக்கா வைத்த பூவோடு நின்றுகொண்டு சொன்னாள். அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் போய், இன்று வரவில்லை என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அன்று முழுவதும் என் அப்பாவின் நினைவாகவே இருந்தது. மில்லிலிருந்து வந்தால் கிணற்றடியில் குளித்து வேட்டி மாற்றாமல் எங்களைத் தூக்கவிடமாட்டாள் அம்மா. மிளகாய்த்தூள் கண்ணில் படும் என்பதுதான் காரணம். மிளகாய் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, எரிகிறது. சிவக்காத, எரியாத, பழுப்பு மாவு ஒன்று சாப்பிடாமலே, துணியில் ஒட்டி வந்தே இப்படிச் செய்யும் என்று எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். எப்படிச் சொல்லாமல் இருந்தாள் என்று ஒரு நேரம் கோபம் வந்தது. இத்தனை மாதம் மூச்சு முட்டக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து என் வேலையைக் காப்பாற்றினாளே என்று அடுத்த நேரம் வெட்கமாக இருந்தது. இரண்டும் இன்னும் தீரவில்லை.

6

திரும்பி வந்ததும் இந்தத் தடவை கணவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் உறுதி செய்தார். பிள்ளையை மொழிபெயர்க்க விட்டது தன் தவறு என்று தலைகுனிந்தார். பிறகு யாழினியை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவளைத் திட்டாமல், மருந்து இழுக்கும் முறையை மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

நான் மறுநாள் பட்டறைக்குப் போய், உள்ளே நுழையாமல், வாசலில் ஒகாதா-சானைக் கூப்பிட்டுச் சொன்னேன். வாக்கியங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதில் ஒரு கேள்வியும் இருந்தது: கோதுமை மட்டும் ஓடும் காலை நேரத்தில் வந்து, சோபா தொடங்கும் முன் போய்விடலாமா? அதைக் கேட்க அவர் இடம் கொடுக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றதும், இடுப்பு மடிய ஆழமாகக் குனிந்து, அப்படியே குனிந்தபடி சொன்னார்.

"மெகரா-சான், நாளையிலிருந்து வராதீர்கள். இந்தக் கட்டடத்தில் சோபா இல்லாத மூலை கிடையாது."

சரியாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனாலும், வேறு ஏதாவது ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று வீடு வந்து சேரும் வரை எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டைக் கழுவினோம். திரைச்சீலை, மெத்தை, என் குளிர்காலக் கோட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். யாழினியின் இருமல் நின்றது. ஊரில் எங்கள் தெருவில் சொல்லும் அதிசயம் இவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை. நான் மறுபடி பகலெல்லாம் வீட்டில் இருக்கிறேன். ஹோட்டலில் படுக்கை விரிக்கிற வேலைக்குக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் என் அறையை எட்டிப் பார்க்கிறாள். நான் படுத்திருக்கிறேனா, உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்க்கத்தான். அதற்காகவே அந்த நேரத்தில் எழுந்து ஏதாவது வேலை செய்வது போல நிற்கிறேன். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டாள்.

"நான் சொல்லாம இருந்திருந்தா, நீ இன்னும் வேலைக்குப் போயிட்டிருப்ப இல்ல?"

"போயிட்டிருப்பேன். நீ இருந்திருக்க மாட்ட," என்றேன்.

கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள், கணக்குக்கு விடை சரியா என்று பார்ப்பவள் போல. கட்டிப்பிடித்தேன். பிடிக்க விட்டாள். ஆனால் கட்டிப்பிடிக்கும்போது சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். பழகிவிட்டது போலிருக்கிறது. வேண்டாம், இப்போது ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் அந்த உடம்புக்குக் கேட்கவில்லை.

பள்ளி இடம் இன்னும் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். முன்பு போலக் கேட்பதில்லை. தகவல் போலச் சொல்கிறாள். அன்று காலை கூடத்தில் நடந்தது அவளையும் காயப்படுத்தியிருக்கிறது. கணவர், மார்ச்சில் இங்கே பள்ளி வருடம் முடிவதற்குள் முடிவு செய்வோம், நீ என்ன சொன்னாலும் சரி என்கிறார். நான் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

7

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், முற்பகலில், தெருவிலிருந்து யாரோ "மெகரா-சான்" என்று கூப்பிடுவது கேட்டது. அந்தப் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட இந்த ஊரில் ஒரே ஆள்தான். யாழினிதான் முதலில் பால்கனிக்கு ஓடினாள்.

கீழே ஒகாதா-சான் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தே இராத நீல உடுப்பில், எதிர்ச் சாரியில், சாலைக்கு அந்தப் பக்கமாக. மேலே வாருங்கள் என்று கை காட்டினேன். இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். குளித்துத்தான் வந்திருக்கிறேன், பட்டறைக்குள் போகாத துணிதான், ஆனாலும் வேண்டாம் என்றார். படிக்கட்டின் கீழே பேரிக்காய்ப் பை ஒன்று வைத்திருக்கிறேன், பழக்கடைக்காரரே கட்டிக் கொடுத்தது, என் கை பையின் காதில் மட்டும்தான் பட்டது என்றார். சாலையில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது. எப்போதும் மெதுவாகப் பேசுகிற மனுஷி அவர்.

யாழினியைப் பார்த்து, நீதானா அந்தப் பெண் என்று கேட்டார். யாழினி குனிந்து வணங்கினாள். ஒகாதா-சானும் அவளுக்குக் குனிந்தார், பெரியவர்களுக்குக் குனிவது போல முழுசாக. பிறகு அவர் பேசியதை யாழினி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சுருள் நூடுல்ஸை இப்போது மெஷினில் போட்டுப் பார்க்கிறார்களாம், வரவில்லையாம். ஆற்றங்கரைக் கடைக்காரர் கேட்டாராம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். ஒரு சொல்லைக்கூட விடாமல், மாற்றாமல் சொன்னாள். எனக்கே பாதி புரிந்தது என்பதால் தெரிந்தது.

புறப்படும்போது ஒகாதா-சான் கடைசியாக ஒன்று கேட்டார். சின்னக் கேள்வி. நாட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா என்று.

அது எனக்கான கேள்வி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். யாழினி அதை எனக்குச் சொல்லவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்கும்படி அவளே பதில் சொன்னாள்.

"காஏரிமாசென்."

ஒகாதா-சான் மகிழ்ந்துபோய்த் தலையாட்டிவிட்டு, வேகமாக நடந்து முனை திரும்பினார். யாழினி பை எடுத்துவரக் கீழே ஓடினாள்.

திரும்பிப் போவதில்லை என்று பொருள், ஆனால் இந்த மொழியில் யார் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். தமிழில் சொல்லியிருந்தால் போகமாட்டேன் என்றாளா, போகமாட்டோம் என்றாளா என்று தெரிந்திருக்கும். அவள் பேரிக்காயோடு மேலே வந்தாள். அவளிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, எனக்கும் அவளுக்குமாக ஒரு பழத்தை நறுக்கினேன்.